அது சரி, சொந்த இடம்?

நம்மிடையே 'சொந்த இடம் விசாரிப்பவர்' என்றோர் இனம் உண்டு. கிளிநொச்சி பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், செத்த வீட்டுப் பந்தலில், எங்கே இருந்தாலும் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் அவர்தான். வட்டக்கச்சியில் அவருக்குப் பெயர் கதிர்காமநாதன்.

அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு. "தம்பி எந்த இடம்?" பரந்தன், விசுவமடு என்று எதைச் சொன்னாலும் ஏற்கமாட்டார். "அது சரி, சொந்த இடம்?" பாட்டன் பிறந்த ஊர் வரைக்கும் தோண்டுவார். மூன்றாவது, "அங்க எந்தக் கோயிலடி?" கோயில் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லையல்லவா?

அவரோ வட்டக்கச்சியிலேயே பிறந்து, அறுபத்தெட்டு வயது வரை அங்கேயே நெல் விதைத்தவர். கேட்டால் மட்டும் தகப்பன் விட்டுவந்த யாழ்ப்பாணத்து ஊரைச் சொல்வார். அந்த ஊருக்கு அவர் போனது இரண்டு தரம். இரண்டும் செத்த வீட்டுக்கு.

இந்தக் கேள்விகளால் கெட்டது மகள் கௌசலாவின் வாழ்க்கை. வயது முப்பத்து நான்கு. வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் இரண்டாவது கேள்வியில் விழுந்தார். பாட்டன் மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவராம். நால்வர் மூன்றாவதில்.

"இன்னும் எத்தினை பேரைக் கலைக்கப் போறியள்?" என்று மனைவி நாகேஸ்வரி அழுதாள். அவருக்கும் மனம் நொந்தது. கேள்வியை மட்டும் விட முடியவில்லை.

போன மாதம் கௌசலா தானே ஒருவரைக் கூட்டிவந்தாள். கண்ணிவெடி அகற்றும் இடத்தில் அவளோடு மூன்று வருடம் வேலை செய்பவர். பெயர் வில்மார். கன்னங்கரேல் என்ற நிறம், சுருட்டை முடி. பேச்சு மட்டும் அசல் வன்னி.

"தம்பி எந்த இடம்?"

"கொலம்பியா, ஐயா."

"அங்க வெள்ளையள் எல்லோ?"

"எல்லாரும் இருக்கினம். வெள்ளை, பழங்குடி ஆக்கள், கலந்த ஆக்கள். பத்தில ஒராள் என்னை மாதிரி."

"அது சரி, சொந்த இடம்?"

"கொலம்பியாதான்."

"அதுக்கு முதல்?"

"ஆபிரிக்கா. நானூறு வருசத்துக்கு முதல் சங்கிலி போட்டுக் கப்பலில ஏத்தினவங்கள். எந்த ஊர் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல."

இரண்டாவது கேள்வி இப்படி வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. விட்டாரா? "கோயில்?"

"யேசு கோயில். எங்கட ஊரில யேசு கறுப்பு, ஐயா."

கறுத்த யேசுவை எந்தச் சாதியில் சேர்ப்பது? "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

வில்மார் தயங்கினார். "என்ர அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா. பொம்பிளை வீட்டுக்காரர் ஆர், எந்த இடம் எண்டு விசாரிக்கிறா. உங்கட படம் அனுப்பினனான்."

கதிர்காமநாதன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். தன்னையே விசாரிப்பதா? "வட்டக்கச்சி எண்டோ சொன்னனீர்? ஐயோ, யாழ்ப்பாணம் எண்டு சொல்லியிருக்கலாமே!"

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் வில்மார் வந்தார்.

"அம்மா என்னவாம்?"

"உங்கட முகத்தைப் பாத்த உடனே ஓம் எண்டிட்டா. 'எங்கட ஆள்தானே, பிறகென்ன விசாரணை' எண்டவா."

கதிர்காமநாதன் எழுந்துபோய் அலுமாரிக் கண்ணாடியில் தன் கறுத்த முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மூன்று கேள்வியும் கேளாமல் அவரை ஒருவர் தம் ஆள் என்றது அதுதான் முதல் தடவை. பிறகு, கலியாணத்துக்கு நாள் வைக்கச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அவருடைய தகப்பன் விட்டுவந்த ஊரின் பெயரை நான் சொல்லவேயில்லை. அது எந்த ஊர், அங்கே எந்தக் கோயிலடி என்று உங்களுக்கு ஓரிடத்திலாவது அரிக்கவில்லையா?

பொய் சொல்லாதீர்கள்.