தவ்வு ராசாவின் தொழில்

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்குக் கோட்டையே கட்டி வைத்திருக்கிறார்கள். நல்லது, கட்டட்டும். ஆனால் எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் கப்பம் கட்டாத கடைசி ஆள் தவ்வு ராசாதான்.

வெள்ளைக்காரனுக்கு அல்ல, முனிசிபாலிட்டிக்கு. எழுபதுகளில் சைக்கிள் வைத்திருப்பவன் எல்லாம் வருஷா வருஷம் வரி கட்டி, ஒரு தகர வில்லையை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். தவ்வு ராசா மாட்டமாட்டான். ஏனென்று கேட்டால் முறைப்பான்.

"வில்லை வெயிட்டு அண்ணாச்சி. தவ்வும்போது பின்னால இழுக்கும்."

தவ்வுவது என்றால் எங்கள் பக்கத்தில் தாவிக் குதிப்பது. நடக்கிற வயதிலிருந்தே அவன் தவ்விக்கொண்டிருந்ததாக அவன் அம்மா சொல்வாள். அப்பா சங்கு குளித்தவர், தாத்தா முத்துக் குளித்தவர். குடும்பமே கீழே போய்ப் பிழைத்தது, இவன் ஒருத்தன் மேலே போனான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை வைத்து அவனை யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் அவன் திரும்பியிருக்கமாட்டான்.

நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரன். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, அவன் வீட்டுச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதே ஆபீசில் அவனுக்குக் கவர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒருநாள் மானேஜர் தெரியாத்தனமாக அவனை "பியூன்" என்று கூப்பிட்டுவிட்டார்.

"நான் பியூன் இல்ல சார். சைக்கிள் ரேசரு. நான் ஹார்பர் வரைக்கும் ப்ராக்டீஸ் போறேன். போற வழியில ஒங்க கவரைக் குடுக்கேன். அவ்வளவுதான்."

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். கவர் எப்படியும் மற்ற ஆபீஸ் கவர்களுக்கு முன்னால் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததால் மானேஜர் அதோடு விட்டுவிட்டார்.

அவன் வண்டியைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் குட்டிச் சக்கரங்கள். தோணிக்கு ஆணி அடிக்கும் கொல்லரிடம் கொடுத்து வளைத்த அகலமான ஹேண்டில்பார். மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது, கேரியர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. உட்காரும் சீட்டு முழங்கால் உயரத்தில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் மிதிப்பான். உப்பளத்து வரப்பு, கருங்கல் குவியல், கருவாட்டுப் பாய் எதையும் சுற்றிப் போகமாட்டான், தாண்டித்தான் போவான்.

போன வருஷம் டி.வி.யில் ஒரு பந்தயம் பார்த்தேன். வெளிநாட்டுப் பையன்கள் தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இதே குட்டி சைக்கிளில், மண்மேடு மண்மேடாகத் தாவுகிறார்கள். அதற்கு பி.எம்.எக்ஸ். என்று பேராம். அதுவே முழுநேரத் தொழிலாம், கோச்சாம், டாக்டராம், கம்பெனி பேர் போட்ட பனியனாம்! எனக்கு வந்த கோபத்தில், "அடப் பாவிகளா, இதை எங்க ஆளு எழுபதுலயே செஞ்சாம்லே!" என்று கத்திவிட்டேன். என் மனைவி பிரஷர் மாத்திரையோடு ஓடி வந்தாள்.

உப்புக் காற்றில் சைக்கிள் செயின் ஒரு வாரம் தாங்காது, துருப்பிடித்துவிடும். மற்றவர்கள் கடையில் விற்கும் எண்ணெயைப் போடுவார்கள். இவன், தோணிப் பலகையே கெடாமல் இருக்கிறதே என்று யோசித்து, பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயைச் செயினுக்குப் பூசினான். செயின் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் தூத்துக்குடியில் இருந்த அத்தனை பூனையும் அவன் பின்னால் வர ஆரம்பித்தது. அவன் டீ குடிக்க நின்றால் பெஞ்சில் மனுஷனுக்கு இடம் இருக்காது. எண்ணெயை மாற்றித் தொலையேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பூனைக்குப் பயந்து எண்ணெயை மாத்துனா, நாளைக்கு நாய்க்குப் பயந்து ரூட்டை மாத்தணும். அதெல்லாம் நம்மகிட்ட நடக்காது அண்ணாச்சி."

ஒருநாள் மீன் மார்க்கெட் இறக்கத்தில் ஏட்டையா அவனைப் பிடித்துவிட்டார். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மீசை.

"லைட்டு எங்கலே?"

"ரேஸ் பகல்லதான நடக்கும்?"

"பெல்லு?"

"பின்னால வாரவன்தான் பெல் அடிக்கணும். நான் முன்னால போறவன்."

"பிரேக்கு?"

"நிக்கதுக்கா ஏட்டையா சைக்கிள் வாங்குனேன்?"

ஏட்டையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன் பார் என்று அவரே ஏறி மிதித்தார். நான் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். ஏட்டையா இறக்கத்தில் போனார். பிரேக்கைத் தேடி விரல்கள் காற்றைப் பிடிப்பது தெரிந்தது. அப்புறம் ஐஸ் பெட்டிகள் சரியும் சத்தமும், "யாத்தே, எம் பாறை மீனு!" என்று ஒரு அம்மாளின் அலறலும் கேட்டன. தவ்வு ராசா சாவகாசமாக நடந்துபோய், மீன் குவியலிலிருந்து முதலில் வண்டியை எடுத்தான், பிறகு ஏட்டையாவை எடுத்தான். அதற்குப் பின் அவர் அவனைக் கண்டால் பார்வையை மாடிப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இப்படிப்பட்டவனும் ஒரு இடத்தில் சிக்கினான்.

கடற்கரையில் பிலோமினா நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவன் வந்த வேகத்தில் பாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினான். அவள் கையில் கிடைத்த பெருக்குமாறைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு நெத்திலி மேல டயரு பட்டிருந்தாலும் ஒன் தோலை உரிச்சிருவேன், தெரியுமா?"

"பட்டிருக்கா? பாத்துச் சொல்லு."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுகூட நசுங்கவில்லை. நிமிர்ந்தவள், "இன்னொருக்க தவ்வு, பாப்போம்" என்றாள். கதை அங்கே முடிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் என் அறைக்கு வண்டி இல்லாமல் நடந்து வந்தான். அவனை அப்படிப் பார்த்ததும் நான் பயந்தே போனேன்.

பெண்ணின் அப்பா தண்டல். கொழும்புக்குப் போகும் தோணிக்குத் தலைவர் என்று அர்த்தம். பாய்மரத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். பெண் கேட்கத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன தொழிலு?" என்றார் தண்டல்.

"சைக்கிள் ரேசரு."

"தொழிலு என்னன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேன்."

தண்டல் என் பக்கம் திரும்பினார். "இவனுக்குக் காது கேக்காதா?" என்று விசாரித்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "எம் மவ வேணும்னா சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டுத் தோணி ஏறு. இல்லேன்னா இப்படியே போயிரு."

இவன் விடவில்லை. "திருநாள் ரேஸ் வருதுல்லா? அதுல நான் மொதல்ல வந்தா, நீங்க ஊருக்கு முன்னால என்னைய ரேசருன்னு சொல்லணும். தோத்தா, மறுபேச்சு இல்லாம தோணி ஏறுதேன்."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏனென்றால், இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு: நம் ரேசர் அதுவரை ஒரு ரேசிலும் ஜெயித்ததில்லை. மாதா கோயில் திருநாள் பந்தயம் தார் ரோட்டில் நடக்கும். பெரிய சக்கரக்காரன் ஒரு மிதி மிதித்தால் இவன் மூன்று மிதி மிதிக்க வேண்டும். வருஷா வருஷம் கடைசியில் வருவான், அவனுக்குப் பின்னால் பூனைகள் வரும்.

ஆனால் அந்த வருஷம் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் யாரோ ஒரு காண்டிராக்டர் குழாய் பதிக்கிறேன் என்று ரோட்டைக் குறுக்கும் நெடுக்குமாகத் தோண்டி, மண்ணை மேடு மேடாகக் குவித்துவிட்டான். வழியை மாற்றுங்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர், "நோட்டீஸ் அடிச்சாச்சு" என்று முடித்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் நோட்டீஸ் அடித்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

பந்தயம் ஆரம்பித்தது. முதல் பள்ளத்தில் எல்லாப் பெரிய சைக்கிளும் நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த பழைய சாம்பியன், வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியில் மண் படாமல் பள்ளத்தில் இறங்கினார். அவர் தலைக்கு மேலே ஏதோ போனது. அண்ணாந்து பார்த்தார். தவ்வு ராசா!

ஒவ்வொரு மேட்டிலும் ஏறினான், ஒவ்வொரு பள்ளத்தையும் பறந்து தாண்டினான். கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. தண்டல் கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பனை அறுத்துக்கொண்டு முதல் ஆளாய் வந்தான், வந்த வேகத்தில் பேண்டு வாத்தியக்காரர்களைப் பிளந்துகொண்டு, மணலைக் கடந்து, நேராகக் கடலுக்குள் போனான். கழுத்தளவு தண்ணீரில்தான் வண்டி நின்றது.

நனைந்துபோய் மேடைக்கு வந்தவனைக் கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது சைக்கிள் ரேஸ். பெல், பிரேக், வில்லை இல்லாத வண்டியை நாங்க சைக்கிள்னு ஏத்துக்க முடியாது. கேன்சல்."

இத்தனை வருஷம் கடைசியில் வந்தபோது அதே வண்டியை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இரண்டாவதாக வந்த பாளையங்கோட்டைக்காரருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். நான் மேடையில் ஏறிச் சண்டை போட்டேன், என் சட்டைப் பை கிழிந்தது. அவன் மேடையை விட்டு இறங்கினான். அத்தனை பேரையும் எதிர்த்துப் பேசியவன், தண்டலுக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றான். "தோத்தா ஏறுதேன்னு சொன்னேன்லா? ஏறுதேன்" என்றான். எனக்கு அவனைப் பளாரென்று அறையலாம் போல இருந்தது.

கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் கோயில் பூசையில் சாமியார், அதாவது பாதிரியார், ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஊருக்கு அறிவிப்பது. ஒரே பெயரில் அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அதனால் மாப்பிள்ளையின் தொழிலையும் சேர்த்து வாசிப்பது அந்தக் கோயில் பழக்கம். அவன் கூப்பிட்டானே என்று நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே வராமல் வாசல் தூணில் சாய்ந்து நின்றான்.

சாமியார் பெயரை வாசித்தார், அப்பா பெயரை வாசித்தார். "தோணித் தொழில்" என்று வாசித்தார். தூணோரம் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்" என்றார் சாமியார். வழக்கமாக இருமல்தான் கேட்கும்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு சாமி."

பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டோடு எழுந்து நின்றது பிலோமினா.

கோயில் முழுக்கத் திகைத்துப் போயிற்று. கல்யாணப் பெண்ணே கல்யாணத்துக்கு ஆட்சேபணை சொன்னால்? "ஏளா, உக்காருளா!" என்று அவள் அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். சாமியார் தாளை இறக்கிப் பிடித்தார்.

"என்னம்மா ஆட்சேபணை?"

"தொழில தப்பா வாசிச்சிட்டீங்க. அவரு சைக்கிள் ரேசரு. மொதல்ல வந்ததை நான் கண்ணால பாத்தேன், எங்கப்பாவும் பாத்தாரு. தோணிக்காரருக்கு என்னையக் கெட்டி வைக்கப் பாத்தீங்கன்னா நான் சம்மதிக்கமாட்டேன்."

எல்லாத் தலையும் தண்டல் பக்கம் திரும்பியது. அவர் தரையைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவ சொல்லுதது உள்ளதுதான் சாமி. நானும் பாத்தேன். மாத்தி வாசிங்க."

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார். "தொழில், சைக்கிள் ரேசர்" என்ற இடம் வந்தபோது வாசலைப் பார்த்தேன். அவன் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

கோயிலுக்குள் கை தட்டக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் தட்டியிருப்பேன்.