சிவப்புக் கட்டமும் ஒரு நர்ஸின் வேலையும்

வாசகரே, அச்சழகர் என்றொரு இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார். ஆனால் கரண்ட் பில் வந்தால் தொகையைப் பார்க்கமாட்டார், எழுத்துருவைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் மனுஷன் பணம் கட்டணுமா?" என்பார்.

நான் சொல்லும் அச்சழகருக்கு, மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலை. சுலபமான வேலைதான். கணினியில் வெறும் எழுத்தாகத் தட்டிக்கொண்டே போகலாம். வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் தலைப்பு, சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. ஒரே கோப்பிலிருந்து அச்சுப் புத்தகமும் வந்துவிடும், நர்ஸுகள் போனில் பார்க்கும் இணையப் பக்கமும் வந்துவிடும். இந்த எளிமை நம்மவருக்குப் பொறுக்குமா? அச்சுக்கோக்கும் மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற கட்டளைகளை நடுநடுவே செருகுவார்: இங்கே அரை மில்லிமீட்டர் தள்ளு, அங்கே சாம்பல் நிழல் போடு, எச்சரிக்கை என்றால் சுற்றிலும் சிவப்புக் கட்டம், கட்டத்துக்கு வளைந்த மூலை, மூலையில் குட்டி முக்கோணம். ஒரு வரி எச்சரிக்கைக்கு ஒரு பக்கக் கட்டளை. யாருக்காக? அதைத் தடவிப் பார்த்து ரசிக்கும் ஒரே மனிதருக்காக.

பக்கத்து மேஜைப் பெண்மணி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இணையப் பக்கத்துக்கு அந்தக் கட்டளைகள் புரியாது, புரியாததை அது சத்தமில்லாமல் விட்டுவிடும், கட்டத்தோடு உள்ளே இருக்கும் வாக்கியமும் போய்விடும் என்று. அச்சழகர் சிரித்தார்.

"ரசனை இல்லாதவங்களுக்காக நாம இறங்கி வரணுமாம்மா?"

விஷயம் முடிந்தது. முடிந்ததா?

ஒரு மருத்துவமனையில், அந்த நிறுவனம் செய்த, சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு ஒரு நர்ஸ் பேட்டரி மாற்றினார். பேட்டரியை மாற்றினால் அலாரம் அணைந்துவிடும்; நாம்தான் மறுபடி போட வேண்டும். அவர் போடவில்லை. மருந்து தீர்ந்தும் அலாரம் அடிக்கவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார், நர்ஸின் வேலைதான் ஊசலாடியது. கையேட்டைப் படிக்காத அலட்சியம் என்று விசாரணை வைத்தார்கள். அணையக்கூடாதது ஏன் அணைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கருவிக்குப் பின்னால் ஒரு கம்பெனியே நிற்கிறது. நர்ஸுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

சாட்சியாக அழைக்கப்பட்ட அச்சழகருக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. இத்தனை வருடம் கழித்து நாலு பேர் தன் கட்டத்தைப் பார்க்கப்போகிறார்கள்! புத்தகத்தை விரித்து, மருத்துவமனை மேலாளர் முன்னால் மெதுவாகத் திருப்பி வைத்தார். 'அலாரத்தை மறுபடி போடவும்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு பளபளத்தது.

மேலாளர் நர்ஸைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா போட்டிருக்கே, கண்ணுல படலையா?"

"படிச்சுட்டுத்தான் சார் மாத்தினேன். இதுல அப்படி இல்லையே." போனை நீட்டினார்.

அச்சழகர் வாங்கிப் பார்த்தார். 'புதிய பேட்டரியைப் பொருத்தவும்' என்றிருந்தது. அடுத்த வரி, 'மூடியை மூடவும்.' நடுவில் கட்டமில்லை, முக்கோணமில்லை, எச்சரிக்கையும் இல்லை. மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பழைய போனாக இருக்கும் என்றார். மேலாளர் தன்னுடையதை எடுத்துத் திறந்தார். அது போன வாரம் வாங்கியது. அதிலும் இல்லை.

"புத்தகத்தை ஏம்மா பார்க்கல?" என்றார் மேலாளர்.

"அது வார்டுக்கு வந்ததே இல்ல சார். நல்ல புத்தகம், அழுக்காயிடும்னு ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிட்டாங்க."

நர்ஸை வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் அங்கே இல்லை. பக்கத்து மேஜைப் பெண்மணி அன்றே கட்டளைகளை அழித்துவிட்டு, வெறும் எழுத்தில் ஒரு வரி தட்டினார்: 'அலாரத்தை மறுபடி போடவும்.' அச்சழகர் தோளுக்குப் பின்னால் நின்று துக்கத்தோடு பார்த்தார்.

"மொட்டையா இருக்கேம்மா."

"போன்லயும் இருக்குல்ல சார்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று ஒருவருக்கு ஒரு கோப்பு அனுப்பினீர்களே, சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னதும் "எனக்குச் சரியாத்தானே தெரியுது" என்று அவர் வாயையும் அடைத்தீர்களே, அதை அவர் கையில் இருக்கும் போனில் ஒருமுறை திறந்து பார்த்தீர்களா?