முன்னூறு கலோரி மிச்சமிருந்த நரி

ஒரு காட்டில், இருட்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, 'கொடகொட கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பவுலின் என்ற முயல் சட்டென்று தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தன் வயிறுதான் என்று நினைத்தது. நினைக்காமல் என்ன செய்யும்? ஆறு குட்டி பெற்று ஒரு மாதம். இடுப்பு பூசணிக்காயாகிவிட்டதே என்று போனில் ஒரு ஆப்பை இறக்கி, தினமும் எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு என்று வைத்தால் பால் வற்றிவிடுமோ என்று பயம். ஆயிரத்து எண்ணூறு என்று வைத்தால் இடுப்பு வற்றாதே என்று கவலை.

சத்தம் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கதவுக்கு வெளியே.

வீட்டுக்காரர் அக்கரைக்கு நைட் டியூட்டி போயிருந்தார். பவுலின் ஒரே தாவில் கதவைச் சாத்தப் போனது. சாத்த முடியவில்லை. கதவிடுக்கில் ஒரு கால் இருந்தது. காலில் வாட்ச் கட்டியிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் கோதண்டம். நரிதான், ஆனா டயட்ல இருக்கேன்."

"அந்தச் சத்தம்..."

"வயிறும்மா. ஆறு மாசமா இப்படித்தான் கத்துது. ஒண்ணுமில்ல, இன்னைக்கு எனக்கு எண்ணூறு கலோரி மிச்சம் இருக்கு. முயல் குட்டி ஒண்ணு நூத்தைம்பதுன்னு ஆப்ல போட்டிருக்கு. அஞ்சு மட்டும் குடுங்க. ஆறாவதை நீங்களே வச்சுக்கோங்க. அளவுக்கு மேல தொடுற கெட்ட பழக்கம் என்கிட்ட கிடையாது."

பவுலின் திரும்பிப் பார்த்தது. உள்ளே ஆறு குட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மாதாவே, மாதாவே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பவுலின் வெள்ளைக் கொக்குகள் நடத்திய கான்வென்டில் படித்த முயல். அழுகை வரவேண்டிய இடத்தில் கொக்கு சிஸ்டரின் குரல் வந்துவிட்டது.

"எண்ணூறு எப்படி வந்துச்சு? ஸ்டெப் போட்டுக் காட்டுங்க."

நரி தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றது. "ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறும்மா. காலையில ஒரு வயல் எலி, மத்தியானம் ரெண்டு நண்டு. தொள்ளாயிரம் ஆச்சு. மிச்சம் முன்னூறு. சாயங்காலம் குன்றுலேர்ந்து ஆத்தங்கரை வரைக்கும் ஓடினேன். ஐநூறு கரைஞ்சிருச்சுன்னு வாட்ச் சொல்லுது. முன்னூறும் ஐநூறும் எண்ணூறு."

"ஆப்ல உடற்பயிற்சி பத்திக் கேட்டப்போ என்ன டிக் பண்ணீங்க?"

"தினமும் ஓடுபவர்."

"நீங்க ஓடுவீங்கன்னு தெரிஞ்சுதானே அது ஆயிரத்து இருநூறு குடுத்துச்சு? சும்மா உக்காந்திருப்பேன்னு சொல்லியிருந்தா இன்னும் கம்மியாத்தானே குடுத்திருக்கும்? அதுவும் ஓட்டத்தைச் சேர்த்துடுச்சு, நீங்களும் சேர்க்கிறீங்க. ஒரே ஓட்டத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடுவீங்களா?"

இதே தப்பைப் பதினைந்து நாள் செய்து, குதித்த குதிக்கெல்லாம் கேரட் அல்வா தின்று, பவுலினுக்கு இடுப்பு இரண்டு விரற்கடை கூடியிருந்தது. அதை நரியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதான் இந்தத் தொப்பை அசையவே இல்லையா! ஜிம்ல கரடி மாஸ்டர்கூட இதைச் சொல்லலையேம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

பவுலின் மூச்சு விட்டது. ஆனால் நரி, நரிதானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"சரி, அந்த முன்னூறு இருக்கில்ல? அப்போ ரெண்டு குட்டி போதும்."

உள்ளே ஏதோ ஒரு குட்டி தும்மியது.  பவுலின் அவசரமாகக் கேட்டது:

"எழுதாம விட்டது ஏதாச்சும் இருக்கா?"

"எழுதாம விட்டதுன்னா?"

"வழியில வாயில போட்டது. நக்கினது. ருசி பார்த்தது."

நரியின் வால் இறங்கியது. "நக்கினதையெல்லாமா எழுதுவாங்க?"

"ஆண்டவர் பார்த்துட்டுத்தான் இருக்கார். சொல்லுங்க."

"பிக்னிக் வந்தவங்க போட்டுட்டுப் போன பஜ்ஜி. அரைதாம்மா."

"எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரிச்சது. நூத்தி இருபது."

"தேன்கூட்டுல லேசா ஒரு நக்கு."

"ஒண்ணா?"

"...நாலு."

"நூறு."

"அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் கப்பு. அடியில கொஞ்சூண்டுதான் ஒட்டியிருந்துச்சு."

"கொஞ்சூண்டுதான்னா மூஞ்சியெல்லாம் இப்படி ரோஸ் கலர்ல இருக்குமா? நூத்தி நாப்பது. மொத்தம் முன்னூத்தி அறுபது. இருக்கிறதைத் தாண்டி அறுபது ஆயிடுச்சு. இன்னைக்கு என் குட்டியோட மீசையைக்கூட நீங்க தொடக்கூடாது."

கொடகொட கொர்ர்ர் என்றது நரியின் வயிறு. "ஒரு பல்லியாச்சும்?"

"வெந்நீர் குடிங்க."

"வேற வழியே இல்லையாம்மா?" நரி கெஞ்சியது. கால் மட்டும் இடுக்கைவிட்டு அசையவில்லை.

பவுலின் அந்தக் காலைப் பார்த்தது. "ஏன் இல்லாம? உங்க உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் ஆயிரத்து இருநூறுங்கிறது பட்டினிங்க. எடையும் வயசும் குத்துமதிப்பாப் போட்டிருப்பீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு, எடை, உயரம், வயசு சரியாப் போட்டுப் பாருங்க. கூடத்தான் வரும்."

நரி ஆசையாகப் போனை எடுத்து அமுக்கியது. முகம் சுருங்கியது. "ஓடிபி அனுப்புதாம். இங்க டவரே இல்லையே."

"அந்தப் பாறைமேல ஏறினா ரெண்டு கோடு வரும்."

"நான் வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட மாட்டீங்களே?"

"கான்வென்டுல படிச்சவ நான். பொய் சொல்லுவேனா?"

நரிக்கு அது நியாயமாகப் பட்டது. காலை உருவிக்கொண்டு பாறையைப் பார்த்து ஓடியது. பவுலின் கதவை அறைந்து சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் உள்ளேயிருந்து போட்டது.

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனுக்கு உடம்பைக் குறைக்கும் ஆசை இருக்கும்வரை உனக்கு ஒரு குறையும் வராது. இருந்தாலும் தாழ்ப்பாளைப் போட்டுவை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவனுக்குப் புதுக் கணக்குத் தொடங்கிவிடும்.