குவார்ட்டர்ஸில் நான் உடைத்த டிவி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. எந்த ‘ற’ எங்கே வரும் என்று இன்றைக்கும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். (தப்புகளை என் மகள் திருத்திவிட்டாள். மிச்சம் இருந்தால் அவளைக் கேளுங்கள்.)

எனக்கு வாய் கிடையாது. பழைய சாமான் வாங்குகிற தொழிலில் அது பெரிய ஊனம். நான் கூவினால் என் வண்டிக்கே கேட்காது. வாசலில் நின்று இருமுவேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் வாய், கை, மூளை மூன்றும் என் மனைவி கன்னியம்மாதான். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் டிவி பாகங்களைப் பூட்டியவள். கம்பெனியை மூடிய பிறகு, பூட்டியதையெல்லாம் கழற்ற ஆரம்பித்தாள். அயனம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. மற்ற கடைக்காரர்கள் ஒயரை ஏரிக்கரையில் கொளுத்தித் தாமிரம் எடுப்பார்கள். இவள் பிளேடை வைத்துக்கொண்டு, அவரைக்காய்க்கு நார் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக உரிப்பாள்.

“கொளுத்தினா சட்டுனு முடிஞ்சிடுமே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“முடியும். அந்தப் பொகை நேரா நம்ம ஊட்டுக்குத்தான் வரும். நீ கம்முனு கெட.”

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிச் சில மாதங்கள். ஆவடி ராணுவ டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்துகொண்டிருந்தது. பழைய கறுப்பு வெள்ளை டிவிகள் குப்பைத் தொட்டி ஓரம் கிடந்தன. ஆனால் வெளியாட்கள் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கன்னியம்மா ஒரு மாதம் செக்யூரிட்டி ஆபீஸுக்கு நடையாய் நடந்து அதை வாங்கினாள். அந்தச் சீட்டுதான் எங்கள் பிழைப்பு. எனக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

“எதுவா இருந்தாலும் முழுசா எடுத்துனு வா. அங்க வச்சிக் கழட்டாத.”

ஏன் என்று கேட்டிருக்கலாம். (கேட்கிற ஆளாக இருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

போகிக்கு முந்தின நாள் மத்தியானம். மூன்றாவது மாடியில் ஓர் அம்மா ஒரு டிவியைக் காட்டினார். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, நான்கு கால்கள். கன்றுக்குட்டி மாதிரி நின்றது.

“தம்பி, ஒத்தையா தூக்க முடியுமா? கீழ் வீட்டுல ஆளக் கூப்பிடட்டுமா?”

“வேணாம்மா.”

உதவி கேட்பதைவிட எருமையைத் தூக்குவது எனக்குச் சுலபம். எப்படியோ கட்டடத்தின் பின்பக்க மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்கினேன். இடுப்பு போய்விட்டது. வண்டியோடு கன்னியம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். புதுப் பெண்டாட்டி, ஒரு டிவிகூடத் தூக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிட்டால்?

யோசித்தேன். தாமிரச் சுருள் பிக்சர் டியூபின் பின்னால்தான் இருக்கிறது. கண்ணாடி யாருக்கு வேண்டும்? பின் பலகையைப் பெயர்த்துச் சுருளை இழுத்தேன். வரவில்லை. ஒரு செங்கல்லை எடுத்தேன்.

அடுத்து வந்த சத்தத்தில் ஆவடியில் ஒரு காக்கை மிச்சமில்லை.

“படு! எல்லாரும் படு!” என்று கத்தினார் அங்கே குடியிருந்த ரிட்டயர்டு ஹவில்தார் ஒருவர். மற்ற ஊர் என்றால் ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஓடிவருவார்கள். இது குவார்ட்டர்ஸ். மைதானம் மொத்தமும் ஒரே நேரத்தில் படுத்தது. மாவு மில்லிலிருந்து வந்த பெண் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தார். நானும் படுத்தேன். (சத்தியமாக, வேறு யாரோ குண்டு போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.)

ஹவில்தார் என் பக்கத்தில் ஊர்ந்து வந்தார். “எந்தப் பக்கம் ஓடினான், பாத்தியா?”

நான்தான் ஐயா என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. விரல் மட்டும் தானாக எழுந்து தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. நான்கு காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு தொட்டியை நோக்கி ஓடினார்கள்.

பிறகுதான் ஹவில்தார் என் இன்னொரு கையில் இருந்த செங்கல்லைப் பார்த்தார்.

கன்னியம்மா ஓடிவந்தாள். என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று விரல் காட்டினாள். “கண்ணு தெரியுதா? இது எத்தினி?”

“மூணு.”

“கண்ணு கீது. அறிவுதான் இல்ல.”

அதற்குள் செக்யூரிட்டி ஆபீசர் வந்து கையை நீட்டினார். “சீட்டைக் கொடும்மா. இனிமே உள்ள வரக் கூடாது.”

“தரேன் சார். மொதல்ல கண்ணாடிய வாரிக்கிறேன். புள்ளைங்க ஆடற எடம். இதுல ஈயம் கீது, மழை பெஞ்சா ஏரிக்குப் போவும்.”

மண்டி போட்டு, துண்டு துண்டாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். ஆபீசர் போகாமல் நின்றார். குப்பைத் தொட்டி ஓரம் இன்னொரு டிவி கிடந்தது. அதைக் காட்டினாள்.

“சார், நாளைக்குப் போகி. யாராச்சும் இத்தத் தூக்கி நெருப்புல போட்டா, இவரு உடைச்சதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்.”

ஆபீசர் முகம் மாறியது. அவள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு டிவியின் முதுகைத் திறந்தாள். ஸ்குரூ டிரைவரில் ஒரு ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை டிவியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, ஸ்குரூ டிரைவரை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தாள். ‘டிக்’ என்றது. உள்ளே தங்கியிருந்த கரண்ட் போய்விட்டதாம். பிறகு டியூபின் வால் நுனியைக் குறட்டால் மெல்லக் கிள்ளினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது.

“உள்ள காத்தே இல்லாம வச்சிருப்பாங்க சார். அதான் உடைச்சா வெடிக்குது. இப்ப இது வெறும் பாட்டில்.”

அந்தப் பெரிய உத்தியோகஸ்தர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார். கூட்டமே பார்த்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அவளை அப்படி வாய் பிளந்து பார்க்கவில்லை.

“சீட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்மா,” என்றார் ஆபீசர். “நாளைக்கு நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க.”

“இவரு?”

“இவர் கேட்டுக்கு வெளிய வண்டியப் பிடிச்சுக்கட்டும்.”

பதினோரு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் கொட்டகைக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் வருகின்றன. நேற்று வாங்கினது இன்றைக்குப் பழசாகிவிடுகிறது. கன்னியம்மா மட்டும் அதே மாதிரி, ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கழற்றுகிறாள். வீட்டில் என் கையிலிருந்து எது விழுந்தாலும் மகள் “படு!” என்று கத்துவாள். போன வாரம் சொம்பு விழுந்ததற்கு, யாரிடமும் சிரித்துப் பேசாத என் மருமகன்கூடத் தட்டின் முன்னாலேயே படுத்துவிட்டார்.

இன்று விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டு ஒயர்கூட நெருப்புக்குப் போகவில்லை. கன்னியம்மா விளக்கடியில் உட்கார்ந்து ஒரு பழைய டிவியைத் திறந்துகொண்டிருந்தாள். கூடமாட ஒத்தாசை செய்யலாமே என்று கிட்டே போனேன்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை.

“யோவ், கேட்டுக்கு வெளிய நில்லு.”

வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

போகிப் பண்டிகை, காலை ஏழு மணி.