முதுகு வலிக்கு ஒரு பச்சை மாத்திரை

"இது என்னங்க, பச்சைப் பசேல்னு?"

துவைக்க எடுத்த யூனிஃபார்ம் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவி நீட்டினாள் மனைவி. பஸ் டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதுளைத் தோல், திராட்சை விதை என்று எல்லாம் செடிகொடிச் சத்துதான். "உங்க பக்கம் உயிரணு எண்ணிக்கை கொஞ்சம் கம்மி. மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்க, ஆனா குழந்தை பிறக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்று டாக்டர் கொடுத்தது. குறை தன்னிடம்தான் என்று மனைவியிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"முதுகு வலிக்கு" என்றார்.

பிடித்தது சனியன்.

"முதுகு வலியா!" என்று ஹாலிலிருந்து மாமனார் ஓடி வந்தார். ரிட்டயர் ஆனதிலிருந்து யோசனை சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷன். "மெத்தைதான் எமன், மாப்பிள்ளை. இன்னைலேர்ந்து என் பக்கத்துல தரையில படுங்க."

மனைவி தடுப்பாள் என்று பார்த்தார். அவளோ சிரித்த முகத்தோடு அவர் தலையணையைக் கொண்டுபோய் ஹாலில் போட்டாள். குழந்தைக்காக மாத்திரை முழுங்குகிறவன் மாமனார் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தால் விளங்கின மாதிரிதான்!

சில நாள் பொறுத்து, "வலி சுத்தமாப் போயிடுச்சு மாமா" என்றார்.

"பார்த்தீங்களா தரையோட மகிமையை! இன்னும் மூணு மாசம் விடாதீங்க."

"அப்பா சொல்றதைக் கேளுங்க" என்றாள் மனைவியும்.

தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்குகிறவள், மறுநாள் "அப்பா, இதைக் கொஞ்சம் மேல வைங்களேன்" என்றாள். இதுதான் சமயம் என்று டிரைவர் பாய்ந்தார். முதுகு தேறிவிட்டதைக் கண்ணாலேயே பார்க்கட்டுமே! கேன் மேலே போய்விட்டது. டிரைவர்தான் வளைந்தது வளைந்தபடி நின்றார்.

"ஐயோ, அம்மா!"

இது நிஜ வலி.

மனைவி அன்றைக்கே தச்சரிடம் போய்ப் பலகைக் கட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஒற்றைக் கட்டில்.

"ஒருத்தர் படுக்கிற மாதிரியா?"

"உங்களுக்குத்தானே வலி?"

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. போன வருஷம் ஒரு தடவை நாள் தள்ளிப்போனதும், டிப்போ முழுக்க இனிப்பு கொடுத்து ஆர்ப்பாட்டம் பண்ணினவர் அவர். அடுத்த வாரமே ஒன்றுமில்லை என்றானபோது, பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி நொந்துபோனவள் அவள். அவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று நாலைந்து நாளாக மனசு அரித்தது. இன்று வெளியே போனவள் திரும்பியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

இப்படி முடிவு கட்டிக்கொண்டு, முதுகெல்லாம் மாமனார் தேய்த்த எண்ணெயோடு ஹாலில் குப்புறக் கிடந்தபோது தச்சர் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார். கிடந்தவரை யாரோ ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அக்கா வந்தா, தொட்டில் பாலிஷ் இன்னும் காயலைன்னு சொல்லிடுங்கண்ணே. ஆனா அவங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதீங்க, இன்னைக்கு ஸ்கேன் பார்த்துட்டு வந்து அவங்களே சொல்லணுமாம்!"