படம் துறந்த நாகராசா

எழுமலைக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டரில், புளியந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போன வருஷம் வரை அங்கே கோழி வளர்த்தார்கள். இப்போது ஞானம் வளர்க்கிறார்கள். செவ்வாய், வெள்ளி வந்தால் உசிலம்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டும். பேரையூர்ப் பக்கமிருந்து வேன் பிடித்து வருவார்கள். வாசலில் முப்பதடி ஃப்ளெக்ஸ். அதில் காவி வேட்டியோடு அழகுமலைச் சித்தர், அவர் தோளில் ஏழடிப் பாம்பு, தலைக்கு மேல் 'படம் துறந்த நாகராசா' என்று கொட்டை எழுத்து.

பாம்புக்கு ஏன் படமில்லை என்பதைச் சித்தரே மைக்கில் விளக்குவார். "நம்ம நாகராசா முந்நூறு வருசத் தவசி. ஆணவம் வேணாம்னு படமெடுக்குறதையே துறந்துட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வரிசையில் நின்ற முத்திருளன், தன் கரும்புக் காட்டில் எலி பிடித்துத் திரிகிற சாரைப்பாம்பைத் தினமும் பார்க்கிறவர். இதுவும் அதே மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஃப்ளெக்ஸில் வேறு மாதிரி போட்டிருந்ததால், தன் கண் மேல்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

சித்தர் முன்பு மதுரை கோச்சடையில் லவ் பேர்ட்ஸும் மீன்தொட்டியும் விற்றவர். கடை படுத்துவிட்டது. மீன் வாங்க ஆளில்லாத ஊரில் அருள் வாங்க ஆள் இருப்பதைக் கண்டுகொண்ட நாளில்தான் அவர் சித்தரானார்.

நாகராசாவின் வேலை ஒன்றுதான். பிள்ளை இல்லாத தம்பதியில் தோஷம் யாருக்கு என்று சொல்வது. பெண் தன் பிறந்த வீட்டுச் சீரில் வந்த கிண்ணத்தைக் கொண்டுவர வேண்டும், ஆண் தன் வீட்டுக் கிண்ணத்தை. பெண்ணின் கிண்ணம் மட்டும் முதல் நாளே ஆசிரமத்துக்கு வந்து 'சுத்தி பூசை'யில் இருக்க வேண்டும். மறுநாள் இருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தில் பாலோடு உட்கார, பாம்பு யார் கிண்ணத்தை முகர்கிறதோ அவர்களுக்குத் தோஷம். இதுவரை அது ஒரு தடவைகூடப் புருஷன் பக்கம் திரும்பியதில்லை. ஆண்களுக்கு அதன் மேல் அவ்வளவு பக்தி இருந்ததற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் ரோகிணியும் நின்றாள். கல்யாணமாகி ஏழு வருஷம். டாக்டர் இருவரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தாள், குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. "ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு" என்று புருஷன் சூரியபிரகாஷ் லேப் வாசலோடு திரும்பிவிட்டான். அவன் அம்மா பாண்டியம்மாளோ, நாகராசாவை நம்பினாள். அதைவிட, செல்லம்பட்டியில் பார்த்து வைத்திருந்த இரண்டாவது பெண்ணை நம்பினாள். பாம்பு இன்று ரோகிணியின் கிண்ணத்துக்குப் போனால், அவள் நாளைக்கு டி. கல்லுப்பட்டியில் அப்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பக்கத்துத் தெரு கனகாவை அப்படித்தான் போன மாசம் அனுப்பினார்கள். கிண்ணம், குத்துவிளக்கு, பீரோ எல்லாம் ஒரே மினி லாரியில் அவளோடு போயின.

பூசை முடிந்து கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடியில் 'ரோ. டி.க.பட்டி' என்று பெயர் வெட்டிய அவளுடைய பித்தளைக் கிண்ணம். கையில் வாங்கியதும் ரோகிணியின் மூக்கு சுருங்கியது. விபூதி வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. உசிலம்பட்டி விதைக்கடையில் ஆறு வருஷமாகப் பில் போடுகிறவள் அவள். மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் எலி குடித்தனம் வைத்தால் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். எலி மூத்திர வாடை அவளுக்கு ஆபீஸ் வாசனை.

அவளுக்குக் கோபத்தில் காது மடல் சுட்டது. கனகாவின் வாழ்க்கை ஒரு எலி மூத்திரத்தில் போயிருக்கிறது.

கர்ச்சீப்பை நனைத்துக் கிண்ணத்தின் அடியை அழுத்தித் துடைத்தாள். பிறகு குழாயடியில் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து, "குடுங்க, உங்களதும் தூசியா இருக்கு" என்று புருஷனின் கிண்ணத்தை வாங்கி, அதே கர்ச்சீப்பால் சுற்றிச் சுற்றித் துடைத்துக் கொடுத்தாள். இவ்வளவு பணிவான மருமகளை அனுப்பப் போகிறோமே என்று பாண்டியம்மாளுக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது.

முறை வந்தது. பால் ஊற்றினார்கள். பத்து நாள் பட்டினி போட்ட பாம்பைச் சித்தர் இறக்கிவிட்டார். அது நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் துழாவியது. ரோகிணி பக்கம் ஒரு முழம் வந்தது, திரும்பியது, நேராகப் போய்ச் சூரியபிரகாஷின் கிண்ணத்தடியில் மூக்கை நுழைத்தது.

சூரியபிரகாஷுக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"ஏலே, எந்திரிடா. பாம்புக்கு இன்னிக்கு மேலுக்குச் சொகமில்ல போல" என்றாள் பாண்டியம்மாள்.

சித்தர் மைக்கைத் தட்டினார். "நாகராசா கொஞ்சம் குழம்பிட்டாரு. மறுக்கா விடுவோம்."

"இம்புட்டு நாளா பொம்பளைகளச் சொன்னப்ப குழம்பலையா சாமி?" என்றாள் ரோகிணி. "நாகராசா சொன்னா சொன்னதுதான்னு நீங்கதான மைக்குல சொன்னீங்க?"

பின்வரிசைப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா, சொன்னா சொன்னதுதான்." தன் வாசகம் தனக்கே திரும்பி வருவதைச் சித்தர் முதல் தடவையாகக் கேட்டார்.

ரோகிணி எழுந்து போய், சித்தர் உட்கார்ந்திருந்த மான்தோல் விரிப்பின் ஓரத்தை அந்தக் கர்ச்சீப்பால் பவ்யமாகத் துடைத்தாள். பிறகு கர்ச்சீப்பையே மடித்து அவர் மடியில் வைத்தாள். "ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க சாமி." நூறு பேர் பார்க்கிறபோது எப்படி உதறுவது? பாம்புக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அது திரும்பியது, விறுவிறுவென்று மான்தோலில் ஏறியது, சித்தரின் மடியில் இருந்த கர்ச்சீப்பைக் கவ்வியது. கவ்வியதில் கர்ச்சீப்போடு வேட்டியும் கொஞ்சம் சித்தரும் சேர்ந்துவிட்டார்.

"ஐயோ, பிடிங்கப்பா" என்று முந்நூறு வருஷத் தவசியை உதறிக்கொண்டே சித்தர் மைக் வைத்திருந்த பலகை மேல் ஏறினார்.

"சாமிக்கும் தோஷமா?" என்றாள் ரோகிணி. கீழே விழுந்த கர்ச்சீப்பை எடுத்து முன்வரிசையில் நீட்டினாள். "மோந்து பாருங்கண்ணே. எலி நாத்தம். இதத்தான் பூசைங்கிற பேருல பொம்பளை கிண்ணத்துல மட்டும் தடவுறாரு. பசிச்ச பாம்பு எலியத் தேடி வருது."

கர்ச்சீப் கை மாறிப் போனது. முத்திருளன் முகர்ந்துவிட்டுக் காறித் துப்பினார். "அப்பவே நெனச்சேன், இது நம்ம காட்டுச் சாரைதான்." எப்போதோ நினைத்ததை இப்போது சொன்னார். பரவாயில்லை, பலர் இப்போதும் சொல்லவில்லை.

அவர்தான் பின்னறைக் கதவைத் தள்ளினார். உள்ளே பழைய மீன்தொட்டிகளில் எட்டுச் சாரைகள், எலும்பும் தோலுமாக. ஒரு கூண்டு நிறைய வெள்ளெலி. தெர்மாகோல் பெட்டியில் ஈரத் தேங்காய்நார்த் தூளுக்கு மேல் பதினோரு முட்டைகள். பெட்டி மேல் 'தேனி கிளை', 'விருதுநகர் கிளை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்த ஆசிரமத்தில் பிள்ளைப்பேறு உண்மையாகவே கிடைத்திருக்கிறது, பாம்புகளுக்கு. சாரையை அடைத்து வளர்ப்பதே குற்றம் என்று தெரிந்த யாரோ வனத்துறைக்குப் போன் போட்டார்கள். சித்தர் கொல்லைப்புற வேலியைத் தாண்டும்போது காவி வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது. அவர் அதையும் துறந்துவிட்டு ஓடினார்.

சூரியபிரகாஷுக்கு உயிர் வந்தது. "அப்ப எனக்கும் தோஷமில்லைல?"

"பாம்புக்கு என்ன தெரியும்? எலி எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள் ரோகிணி. கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மத்தது லேப்புலதான் தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு நான் அந்த வாசல்ல நிப்பேன். நீங்க வந்தா இந்தக் கிண்ணம் நம்ம வீட்டுலயே இருக்கும். வரலைன்னா நானே எடுத்துக்கிட்டு கல்லுப்பட்டிக்குப் போறேன். யாரும் அனுப்ப வேணாம். இன்னிக்குக் கனகா வீட்டுக்காரரயும் பாத்து, இந்தக் கர்ச்சீப்ப மோந்து பாக்கச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வாரேன்."

மறுநாள் பத்து மணிக்குச் சூரியபிரகாஷ் லேப் வாசலில் நின்றான். முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டுதான் நின்றான், ஆனால் நின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் கூட்டம் கலையும்போதே ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார்: "சேடபட்டிப் பக்கம் ஒரு கீரிச்சாமி இருக்காராமே, அவரு எப்படி?"

அந்தச் சாரை ஒரு முழம் நகர்வதற்கு முன்னால் நாற்பது தடவை நாக்கை நீட்டிச் சோதித்துப் பார்த்தது. பள்ளிக்கூடம் போகாத பாம்புக்கே அவ்வளவு புத்தி இருக்கிறது. கூட்டமாகக் காலில் விழுவதற்கு முன்னால் நாம் ஒரே ஒரு தடவை முகர்ந்தாவது பார்க்கக் கூடாதா?