மச்சானின் ஸ்கூட்டரும் என் கரும்பலகையும்

ராஜபாளையம்,
12.7.1993

மரியாதைக்குரிய மச்சான் அபுதாஹிர் அவர்களுக்கு, உங்கள் முகத்தில் விழிக்கத் துணிவில்லாத ஹமீது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாஜிதாவும் பிள்ளைகளும் இறைவன் கிருபையால் சுகம். அங்கு நீங்களும் என் தங்கை நூர்பானுவும் சுகமா என்று கேட்கும் யோக்கியதையை நான் இழந்துவிட்டபடியால், கேட்காமலே துஆ செய்துகொள்கிறேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் என் கடையில், 'குடை, ஸ்டவ், டார்ச் லைட் ரிப்பேர் செய்யப்படும்' என்று எழுதிய கரும்பலகை தொங்குவது நீங்கள் அறிந்ததே. போன சித்திரை வெயிலில் குடை ரிப்பேர்காரனைத் தேடி யார் வருவார்கள்? ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச வாய்க்காமல், பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, 'இன்று எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. பிடுங்கப் பயமாக இருக்கிறது. இப்படிக்கு, ஹமீது' என்று எழுதிவைத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். மறுநாள் ஏட்டு சங்கிலிப்பாண்டி, அந்த மீசையோடும் தொப்பியோடும் கடைக்குள் நுழையவும், அரசாங்கத்துக்கு விரோதமாக ஏதோ எழுதிவிட்டேன் என்ற பயத்தில் எனக்குப் பல்வலியே நின்றுவிட்டது. அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பாய், எனக்கும் ஒரு மாசமா வலிதான். பல் டாக்டர்னா காலு நடுங்குது. சேந்து போவமா?" என்றார். போனோம். நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உட்கார்ந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். பல் வீக்கம் வடிந்த பிறகும் என் கை வீக்கம் வடியவில்லை.

அதன்பின் தினமும் எழுதினேன். கொய்யாப்பழம் விற்கும் வெள்ளைத்தாய் வந்து, "எம் மருமவ வைக்கிற ரசம் நான் வைக்கிறதவிட எம்புட்டோ ருசி. அவ மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரமாட்டேங்கு. நீங்க எழுதிப் போடுங்க பாய்" என்றாள். எழுதினேன். மருமகள் அதை வாசித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டுவிட்டாள். மாஜிதா மட்டும், "ஊருக்கே எழுதிச் சொல்ல நீங்க என்ன பெரிய மனுசரா?" என்று கேட்டாள். "பெரிய மனுசங்களப் பத்தித்தான் பேப்பர்காரன் எழுதுதானே. நம்மளப் பத்தி நாமதான எழுதணும்" என்றேன். அப்படிப் பேசிய வாய்க்கும், வாயைவிட அதிகம் பேசிய கைக்கும் வந்த கொழுப்பைத்தான் மச்சான், இனி நான் சொல்ல வேண்டும்.

போன வாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தபோது, புது ஸ்கூட்டரை நீங்கள் வீட்டிலிருந்து துணிக்கடை வரை தள்ளிக்கொண்டே போனீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "பெட்ரோல் தீந்துபோச்சு" என்றீர்கள். என்னிடம் மட்டும், "மாப்ளே, ஏறுனா விழுந்துருவனோன்னு பயமா இருக்கு. ஒருத்தர்ட்டயும் சொல்லிறாத" என்றீர்கள். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை. 'எனக்கு வேண்டிய ஒருவர்' என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் வாசிப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று 'பச்சை ஸ்கூட்டர்', 'ஸ்ரீவில்லிபுத்தூர்', 'துணிக்கடை' ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் என் கடைக்கு எதிரேதான் நிற்கிறது என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை. சாயங்காலத்துக்குள் உங்கள் கடைவீதியில் பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "பெட்ரோல் தீந்துபோச்சா மாமா?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டபோது, என் கடையில் இருந்த குடை அத்தனையும் விரித்து அதன் அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

நேற்று நூர்பானு வந்தாள். கடைக்குள் ஏறவில்லை. "அண்ணே, அவிய வாசப்படி தாண்டல. சோறும் சரியாத் திங்கல. ஒன்ன நம்பித்தான சொன்னாக? ஒம் மக நூர்னிசா நிக்காஹ்வுக்கும் வரமாட்டாகளாம்" என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தேன். தொடாமலே பஸ் ஏறிவிட்டாள். அவள் போன பிறகு அந்தச் சோடாவைக் குடிக்கவும் முடியாமல், கொட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் பல்லைப் பற்றி நான் எழுதலாம். உங்கள் பயம் உங்களுடையது. அதை எடுத்துத் தெருவில் மாட்ட நான் யார் மச்சான்? கல்யாணப் பெண்ணோ, "மாமா வராட்டி நான் தல நிமிர மாட்டேன்" என்கிறாள். தலை நிமிர முடியாமல் இருப்பது நான்.

பலகையைக் கழுவிவிட்டேன். இனி சாக்பீஸைத் தொடுவதில்லை என்று மாஜிதா முன்னிலையில் சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் உள்ளது உங்களையும் என்னையும் தவிர மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. வாசித்ததும் கிழித்துவிடுங்கள். என்னை அடிக்கவாவது நிக்காஹ்வுக்கு வந்து சேருங்கள். உங்கள் வீட்டிலும் வியாபாரத்திலும் பரக்கத் பெருக வேண்டும் என்று இரு கை ஏந்தும்,

தங்கள் மைத்துனன்,
ஹமீது.

பின்குறிப்பு: உங்களுக்கு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்ற மரியாதையினால், மேற்கண்ட கடிதத்தை முதலில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். இடம் போதாமல் கடைக் கதவிலும் எழுதினேன். தபாலாபீஸில் கவர் வாங்கித் திரும்புவதற்குள் இரண்டு பஸ் ஜனம் வாசித்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை என்பதை அல்லாஹ் அறிவான். தளவாய்புரம் வாத்தியார் சமுத்திரம் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எம் வண்டியும் ஆறு மாசமா வீட்ல சும்மாதான் நிக்கி பாய். ஒங்க மச்சானோட சேந்தே ஓட்டப் பழகிக்கிடுதேன்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர், தங்களுக்கும் ஏறப் பயம்தான் என்று துணிந்து ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் உங்களைப் பார்க்க இன்று காலையே தத்தம் ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர்கள் வந்து சேர்ந்தால், வெயிலில் வருகிறவர்கள், கோபிக்காமல் குடிக்க மோர் கொடுக்கவும்.